படிக்கட்டுக்குக் கீழே ஒரு சாக்கு

பஸ்ஸில் சரளாவுக்குப் பக்கத்தில் உட்காருகிறவர்கள் கொஞ்ச நேரத்தில் மூக்கை உறிஞ்சிப் பார்ப்பார்கள். எங்கேயோ புதிதாகப் பெயின்ட் அடிக்கிறார்கள் என்று நினைத்து ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்ப்பார்கள். அவள் கைகளை முந்தானைக்குள் மடக்கிக்கொள்வாள். ஆளிவிதை எண்ணெய் வாசனை அது. சீயக்காய், எலுமிச்சைத் தோல், துணி சோப்பு எல்லாம் போட்டுத் தேய்த்தாயிற்று. விரல் இடுக்கிலிருந்து போவதாக இல்லை.

அவளுடைய அப்பா குடியாத்தத்திலிருந்து பெங்களூருக்கு மில் வேலைக்கு வந்தவர். மில் மூடிய பிறகு வீட்டில் எல்லோரும் ஊதுபத்தி உருட்டினார்கள். சரளா எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டாள். கல்யாணமாகி அதே ஊரில் அடுகோடிக்கு வந்தபோது அவளிடம் இருந்த ஒரே தொழில் ஊதுபத்திதான். பேனா வேலை அவளுக்குக் கிடைத்தது புருஷன் மூலமாக.

புருஷன் முனிகிருஷ்ணன் அவர்கள் குடியிருந்த தெருவின் கடைசியில் இருந்த பட்டறையில் மரம் அறுத்துக்கொண்டிருந்தான். சாமிநாதன் என்ற எஞ்சினியர், தொண்ணூற்று மூன்றில் கம்பெனி வேலையை விட்டுவிட்டுத் தொடங்கிய பட்டறை அது. மரத்தில் கடைந்த பேனாதான் சரக்கு. ஊரில் புதுப்புது சாஃப்ட்வேர் கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்தன. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்குக் கொடுக்க அவர்களுக்கு ஏதாவது வேண்டியிருந்தது. சந்தன மாலை பழசாகிவிட்டது. ஈட்டி மரத்தில் கடைந்து, வெல்வெட் பெட்டியில் வைத்த பேனா புதுசாக இருந்தது.

முனிகிருஷ்ணன் அறுத்துக் கொடுக்கும் விரல் நீளத் துண்டுகளை லேத்தில் கடைந்தவர் கிளாரன்ஸ். பட்டறையில் மூத்த ஆள். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு கையால் தடவியே கனம் பார்ப்பார். முனிகிருஷ்ணனுக்கும் அவருக்கும் நாள் முழுக்க வாய்ச்சண்டை. பீடி நாற்றம் மரத்தில் ஏறுகிறது என்பார் இவர். உன் பாட்டைக் கேட்டுத்தான் மரமே வெடிக்கிறது என்பான் அவன். சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பேரும் ஒரே டிபன் காரியரில் கை வைப்பார்கள்.

கடைந்த துண்டு கடைசியாக சரளாவிடம் வரும். உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கிய பிறகு, லேத்தை ஓடவிட்டு, பனியன் வேஸ்ட் துண்டில் எண்ணெயைத் தொட்டு மரத்தின் மேல் அழுத்திப் பிடிக்க வேண்டும். சுழலும் மரம் சூடாகி எண்ணெயைக் குடிக்கும். மிச்சத்தைத் துடைத்துவிட்டு ஒரு நாள் காயவைத்து மறுபடியும் பூச வேண்டும். மூன்றாவது பூச்சில்தான் ஈட்டியின் கறுப்பு ரேகை மேலே எழுந்து வரும். பச்சை எண்ணெயாக இருந்தால் காய வாரக்கணக்கில் ஆகும் என்பதால், சீக்கிரம் உலர மருந்து கலந்த எண்ணெயைத் தகர டின்னில் வாங்குவார்கள். பெயின்ட் கடையில் அதற்குப் பெயர் 'டபுள் பாயில்ட்'. சரளாவின் கை அதற்குப் பழகிவிட்டது. அவள் பூசிய பேனாவையும் வேறு யாராவது பூசியதையும் கண்ணை மூடிக்கொண்டு தொட்டே சாமிநாதன் பிரித்துச் சொல்வார்.

பூசிய துணிகளை அவள் ஜன்னலோரக் கம்பியில் ஒவ்வொன்றாக விரித்துப் போடுவாள். பாதி காய்ந்த துணியால் துடைத்தால் மினுமினுப்பு கூடும் என்பது அவள் கண்டுபிடித்த வழி. அதற்காகத்தான் விரித்துப் போட்டாளே தவிர, வேறு காரணம் எதையும் யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. நன்றாகக் காய்ந்த துணி அப்பளம் மாதிரி விறைத்து நிற்கும். அதை வாரம் ஒருமுறை குப்பையில் போடுவாள்.

தொண்ணூற்று ஏழு ஆயுத பூஜைக்கு முந்தின நாள் ஒரு பெரிய ஆர்டரை முடித்தார்கள். நாள் முழுக்க எண்ணெய் பூசும் வேலைதான். சாயங்காலம் பட்டறையைக் கழுவினார்கள். லேத்துக்கெல்லாம் பொட்டு வைத்து மாலை போட்டார்கள். மறுநாள் கம்பெனிக்காரர்கள் இரண்டு பேர் பூஜைக்கு வருவதாகச் சொல்லியிருந்தார் சாமிநாதன். கம்பி நிறைய ஈரமும் பிசுக்குமாகத் தொங்கிய துணிகள் சரளாவின் கண்ணை உறுத்தின. பூஜை செய்யும் இடத்தில் இது என்ன அசிங்கம் என்று எல்லாவற்றையும் உருவினாள். கோணிச் சாக்கு ஒன்றில் அடைத்தாள். தரையில் கூட்டிய மரத்தூளையும் அதிலேயே கொட்டி, காலால் மிதித்து, வாயை இறுக்கிக் கட்டி, மரப் படிக்கட்டுக்குக் கீழே யார் கண்ணிலும் படாத இடத்தில் தள்ளினாள். விஜயதசமி கழித்து குப்பை லாரிக்குப் போட்டுக்கொள்ளலாம். அப்படியே மேலே ஒரு பழைய பேனரையும் போட்டு மூடினாள்.

மறுநாள் காலை பூஜை. சுண்டல், பொரி, கடலை. தெருவில் பூசணிக்காய் உடைத்தார்கள். சாம்பிராணிப் புகையில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. கைப்பையை எடுக்கப் படிக்கட்டுப் பக்கம் போனபோது, புளித்த எண்ணெயைச் சட்டியில் காய்ச்சுவது போல ஒரு வாசனை சரளாவுக்கு வந்தது. பக்கத்து வீட்டில் வடை சுடுகிறார்கள் என்று நினைத்தாள். வந்தவர்களுக்குத் தாம்பூலம் கொடுத்தார்கள். மதியத்துக்குள் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். பூஜை போட்ட மெஷினைத் தனியாக விடக்கூடாது என்பது பட்டறை வழக்கம். காவலுக்கு முனிகிருஷ்ணனும் கிளாரன்ஸும் இருந்தார்கள். கிளாரன்ஸ் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர். ஆனாலும் பூஜைக்கு அவர்தான் முதல் ஆளாக வருவார். என் லேத்துக்கு நான் இல்லாமல் யார் மாலை போடுவது என்பார்.

கிளாரன்ஸ் சாப்பிட்டுவிட்டு, படிக்கட்டில் ஏறி, மரம் அடுக்கும் மேல்தட்டில் படுத்தார். முனிகிருஷ்ணன் படியில் உட்கார்ந்து ஒரு பீடி குடித்தான். பிறகு எழுந்து தெருமுனை டீக்கடைக்குப் போனான். கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. நின்று பார்த்தான். திரும்பி வந்தபோது ஜன்னல் வழியாகப் புகை வந்துகொண்டிருந்தது. கதவைத் திறந்தான். உள்ளே படிக்கட்டு எரிந்துகொண்டிருந்தது. அவன் அந்தப் படியில் கால் வைத்தான். படி உடைந்தது. இரண்டு கையும் வெந்தன. மேல்தட்டில் ஜன்னல் கிடையாது.

போலீஸ் கேட்டபோது முனிகிருஷ்ணன் மறைக்கவில்லை. படியில் உட்கார்ந்து பீடி குடித்தேன், அணைத்தேனா என்று ஞாபகம் இல்லை என்றான். அதற்கு மேல் யாரும் எதையும் தேடவில்லை. பேப்பரில் நாலு வரி வந்தது. தெருவில் அதைவிட அதிகமாக வந்தது. பீடிக்காக ஒரு மனுஷனைக் கொளுத்தினவன் என்று அவன் காதுபடவே சொன்னார்கள். அதை அவனும் நம்பினான். மற்றவர்கள் சொன்னதைவிட அதுதான் மோசம்.

சாமிநாதன் ஊருக்கு வெளியே பொம்மசந்திராவில் ஒரு ஷெட் எடுத்துப் பட்டறையை மறுபடி தொடங்கினார். சரளாவைக் கூப்பிட்டுக்கொண்டார். முனிகிருஷ்ணனைக் கூப்பிடவில்லை. கை ஆறிய பிறகும் அவன் விரல்கள் முழுதாக மடங்கவில்லை. மூட்டை தூக்கப் போனான். டீக்கடையில் நிற்பதை விட்டான். யார் வீட்டுக் கல்யாணத்துக்கும் போகவில்லை. சோறு போட்டால் சாப்பிடுவான், போடாவிட்டால் கேட்க மாட்டான். ஒரு பழக்கம் மட்டும் புதிதாக வந்தது. கிளாரன்ஸின் மனைவி யூனிஸ் பின்னால் சந்தில் குடியிருந்தாள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் தெருக்குழாயில் தண்ணீர் வரும்போது, முனிகிருஷ்ணன் போய் அவளுடைய டிரம்மை நிரப்பிவிட்டு வருவான். மடங்காத விரல்களால் குடத்தை வளையம் போட்டுப் பிடித்துத் தூக்குவான். யூனிஸ் கதவைத் திறக்க மாட்டாள். டிரம்மை மட்டும் வெளியே வைத்திருப்பாள். ஒரு வார்த்தை பேசியதில்லை.

சரளாவிடம் யூனிஸ் பேசுவாள். எதிரில் பார்த்தால் நின்று கையைப் பிடித்துக்கொள்வாள். பாவம், இப்படிப்பட்டவனோடு குப்பை கொட்டுகிறாயே என்பாள். தெருவும் அவளை அப்படித்தான் பார்த்தது. அந்தப் பரிதாபத்தை அவளும் வாங்கிக்கொண்டாள்.

இரண்டு வருஷம் போயிற்று. ஒரு சித்திரை மதியம், புது ஷெட்டைப் பார்க்க யாரோ வருகிறார்கள் என்று அவசரமாகச் சுத்தம் செய்தார்கள். சரளா கம்பியில் கிடந்த துணிகளை உருவி ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டில் திணித்து மூலையில் வைத்தாள். வந்தவர்கள் போனதும், ஒரு துணி வேண்டுமென்று பக்கெட்டுக்குள் கையை விட்டாள். வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். வடித்த சோற்றுப் பானைக்குள் விட்டது போல் இருந்தது. மேல் துணியை விலக்கினாள். புகை வந்தது. கூடவே அந்த வாசனை. புளித்த எண்ணெயைச் சட்டியில் காய்ச்சும் வாசனை.

பக்கெட்டின் அடி இளகி ஒரு பக்கம் சாய்ந்தது. தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். பக்கத்தில் யாரும் இல்லை, பீடி இல்லை, விளக்கு இல்லை. துணி மட்டும்தான் இருந்தது. மரத்தூள் மூட்டையில் உட்கார்ந்துவிட்டாள்.

திரும்பும் வழியில் எண்ணெய் வாங்கும் பெயின்ட் கடையில் இறங்கினாள். இந்த எண்ணெய்த் துணி தானாகப் பற்றிக்கொள்ளுமா என்று கேட்டாள். கடைக்காரர் சில்லறை எண்ணிக்கொண்டே, நிமிராமல் பதில் சொன்னார். பின்னே, பெயின்டர்கள் எல்லாம் தண்ணீர் வாளியில்தானே போடுவார்கள், காய்கிறபோது சூடாகும், குவித்து வைத்தால் சூடு போக வழியில்லை, பற்றிக்கொள்ளும், இத்தனை வருஷம் வேலை செய்கிறாய், உனக்குத் தெரியாதா என்றார்.

தெரியாது. சாமிநாதனுக்கும் தெரியாது. அவரிடம் மறுநாள் சொன்னபோது அவர் முகம் வெளுத்தது. வாசலில் ஒரு வாளித் தண்ணீர் வைக்கச் சொன்னார். பழசைக் கிளறாதே, இன்சூரன்ஸ், போலீஸ் எல்லாம் முடிந்த கதை என்றார். உன் நல்லதுக்குச் சொல்கிறேன் என்றும் சேர்த்துக்கொண்டார். அந்தக் கடைசி வார்த்தையில் சரளாவுக்கு விஷயம் முழுசாக உறைத்தது. முனிகிருஷ்ணன் மேல் தப்பில்லை என்று சொல்ல வேண்டுமானால், சாக்கைக் கட்டியது யார் என்றும் சொல்ல வேண்டும்.

அவள் புருஷனிடம் முதலில் வாயால் சொல்லிப் பார்த்தாள். அவன் காதில் வாங்கவில்லை. தனக்கு ஆறுதல் சொல்வதற்காகக் கதை கட்டுகிறாள் என்று நினைத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டறையிலிருந்து துணியும் எண்ணெயும் கொண்டுவந்து, மொட்டை மாடியில் அகலமான இரும்புப் பாண்டுச் சட்டியில் குவித்து அவனைப் பக்கத்தில் உட்கார வைத்தாள். காற்று அடித்தது. துணி சும்மா கிடந்தது. வெயில் ஏறியதும் அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டான்.

அடுத்த ஞாயிறு பெயின்ட் டின் ஒன்றில் அடைத்தாள். சாக்கில் மிதித்தது போலவே கட்டையால் குத்தி இறுக்கினாள். மரத்தூளும் போட்டாள். அவன் வர மறுத்தான். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். மாடியில் காயப்போட்ட துணிகளுக்கு நடுவே இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அவன் தூங்கி வழிந்தான். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு டின்னிலிருந்து மெல்லிய நூல் மாதிரி புகை எழுந்தது. அவன் நிமிர்ந்தான். சரளா ஒரு குச்சியால் மேல் துணியைத் தூக்கினாள். உள்ளே சிவப்பாக ஒரு கண் திறந்தது. காற்றுப் பட்டதும் குப்பென்று எரிந்தது.

அவன் எழவில்லை, அணைக்கவும் போகவில்லை. அது எரிந்து அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்க வச்ச அந்தச் சாக்க?"

"படிக்குக் கீழ."

"நீயா கட்டுன?"

"நான்தான். கால்ல மெரிச்சு மெரிச்சு கட்டுனேன்யா. அசிங்கமா கீதேன்னு."

அவன் தன் கைகளைத் திருப்பிப் பார்த்தான். அழுவான் என்று அவள் எதிர்பார்த்தாள். அடிப்பான் என்றும் எதிர்பார்த்தாள். அவன் டின்னைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"யார்கிட்டயும் சொல்லாத. எனக்குப் பழகிப்போச்சு."

அன்று ராத்திரி நன்றாகத் தூங்குவான் என்று நினைத்தாள். அவள் நினைத்தது எதுவும் நடக்கவில்லை. மறுநாள் குழாயில் தண்ணீர் வந்ததும் குடத்தை எடுத்துக்கொண்டு யூனிஸ் வீட்டுக்குப் போனான். அதற்கு மறுமுறையும் போனான். முன்பு தன் பாவத்துக்காகத் தூக்கினான். இப்போது யாருக்காகத் தூக்குகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. அதை அவன் சொல்லிக்காட்டவில்லை. ஆனால் அவள் பரிமாறும்போது தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டான். அவள் கையிலிருந்து எதையும் நேராக வாங்குவதில்லை, கீழே வைக்கச் சொல்வான். பாயைச் சுவரோரம் போட்டுக்கொண்டான். தெருவில் ஒருத்தி, கொலைகாரப் பயல் வருகிறான் என்று குழந்தையை உள்ளே இழுத்தபோது சரளா பக்கத்தில்தான் இருந்தாள். அவன் அவளை ஒரு பார்வை பார்த்தான். பிறகு நடந்தான். தினமும் அந்தப் பார்வையோடு வாழ்வதற்குப் பதில் தெரு முழுக்கக் கூடித் திட்டினாலும் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

ஆவணியில் ஒரு ஞாயிறு, யூனிஸ் கோயிலுக்குப் போய்விட்டு வந்த நேரம் பார்த்து சரளா அவள் வீட்டுக்குப் போனாள். யூனிஸ் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆயாவாக இருந்தாள். கோயிலுக்குக் கட்டிய வெள்ளைச் சேலையை மாற்றக்கூட இல்லை. வாம்மா, உட்காரு என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். காபி கலந்தாள். இளைத்துப்போயிட்டியே, அந்தாளு சாப்பிட விடறானா இல்லையா என்றாள். சரளா டம்ளரைக் கையில் வாங்கிக் குடிக்காமல் கீழே வைத்தாள். சுவரில் கிளாரன்ஸ் படம் இருந்தது. அதில் கண்ணாடியை ஒழுங்காக மூக்கில் போட்டிருந்தார். அவரைப் போலவே இல்லை.

சரளா சொன்னாள். துணி, சாக்கு, மரத்தூள், பேனர், பூஜையன்று வந்த வாசனை, பக்கெட், பெயின்ட் கடை, மாடி. வரிசையாகச் சொன்னாள். இடையில் ஒருமுறை, வெளியே கேட்கக்கூடாது என்பது போல யூனிஸ் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"சாக்கு கீழ. அவரு மேல."

"ஆமாக்கா."

"வாசன வந்துச்சின்னு சொன்னியே. அப்ப எட்டிப் பாத்திருந்தா?"

அந்தக் கேள்வியை சரளாவே தன்னிடம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். வேறொருவர் வாயிலிருந்து வந்தபோது அது புதிதாக இருந்தது.

"உன் வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"தெரியும்க்கா. சித்திரையிலயே சொல்லிட்டேன்."

டிரம் இருந்த வாசல் பக்கம் யூனிஸ் திரும்பிப் பார்த்தாள்.

"சித்திரையில இருந்து தெரிஞ்சும் தண்ணி தூக்குறாரா அந்த மனுஷன்?"

'அந்தாளு' போய் 'அந்த மனுஷன்' வந்ததை சரளா கவனித்தாள். அதற்குத்தான் வந்தாள். யூனிஸ் எழுந்தாள். குடிக்காத காபியை எடுத்துப் பாத்திரம் கழுவும் அங்கணத்தில் கொட்டினாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். திரும்பிப் பார்க்காமல், நீ போம்மா என்றாள். குரலில் கோபம் இல்லை. சரளா செருப்பை மாட்டும்போது பின்னாலிருந்து இன்னும் ஒன்று சொன்னாள்.

"இனிமே என்ன ரோட்டுல பாத்தா நிக்காத."

அடுத்த முறை தண்ணீர் வந்தபோது முனிகிருஷ்ணன் போனான். வழக்கத்தைவிட வெகுநேரம் கழித்துத் திரும்பினான். யூனிஸ் கதவைத் திறந்ததாகவும், உள்ளே கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்ததாகவும் சந்தில் பேசிக்கொண்டார்கள். அவன் காலைத் தொட வந்தாள், அவன் பதறி எழுந்துவிட்டான் என்றும் சொன்னார்கள். வீட்டுக்கு வந்தவன் சரளாவிடம் எதையும் சொல்லவில்லை.

"சொல்லாதன்னு சொன்னேன்ல" என்று மட்டும் கேட்டான்.

"உன்ன அப்படிப் பாக்க முடியலய்யா."

அவன் குடத்தை மூலையில் கவிழ்த்தான்.

விஷயம் தெருவில் பரவ அதிக நாள் ஆகவில்லை. டீக்கடைக்காரர் அவனை வலிய அழைத்து உட்கார வைத்தார். திட்டியவர்களில் சிலர் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள், சிலர் வீட்டு விசேஷத்துக்குப் பத்திரிகை வைத்தார்கள். அவன் பெயர் மட்டும் எழுதிய பத்திரிகைகள். சரளா குழாயடிக்குப் போனால் வரிசையில் பேச்சு நின்றது. யாரும் அவளைத் திட்டவில்லை. தெரியாமல் செய்ததுதானே என்று ஒருத்தி அவள் காது கேட்கச் சொன்னாள். ஆனாலும் இத்தனை நாள் புருஷன் தலையில் போட்டுவிட்டு இருந்தாளே என்று இன்னொருத்தி சொன்னாள். இத்தனை நாள் தனக்கே தெரியாது என்று சரளா திரும்பிச் சொல்லவில்லை. சித்திரையிலிருந்து ஆவணி வரை தெரிந்துதானே இருந்தது.

பொம்மசந்திரா வேலை போகவில்லை. வேறு யார் கைக்கும் அந்த மினுமினுப்பு வரவில்லை என்பதால் சாமிநாதன் அவளை வைத்துக்கொண்டார். ஒவ்வொரு துணியையும் தண்ணீரில் முக்கிவிட்டுத்தான் அவள் அடுத்த பேனாவைத் தொட்டாள்.

அக்டோபரில் கிளாரன்ஸின் நினைவு நாள் வந்தது. யூனிஸ் கோயிலில் பூசைக்குச் சொல்லி, பிறகு வீட்டில் சாப்பாடு வைத்திருந்தாள். முனிகிருஷ்ணனை நேரில் வந்து அழைத்தாள். வாசலில் நின்றே அழைத்தாள். சரளா உள்ளே அடுப்படியில் இருந்தாள். கோயிலில் எங்கள் குடும்பத்தோடு முதல் வரிசையில் உட்கார வேண்டும் என்று யூனிஸ் சொன்னது கேட்டது.

அன்று காலை முனிகிருஷ்ணன் கல்யாணத்துக்குத் தைத்த சட்டையைத் தேடி எடுத்தான். மடங்காத விரலால் பட்டன் போட முடியவில்லை. சரளா அருகில் போய்ப் போட்டுவிட்டாள். அவன் விலகவில்லை, முகத்தை மட்டும் ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். கழுத்துப் பட்டன் வரை வந்ததும், நானும் வரட்டுமா, வெளியவே நிக்கிறேன் என்று கேட்டாள்.

"வேணாம்" என்றான். பிறகு, கதவைத் தாண்டும்போது, "சோறு ஆக்கி வைக்காத, அங்கயே சாப்பிட்டுருவேன்" என்றான்.

அவள் ஒரு ஆளுக்கு மட்டும் அரிசி எடுத்துக் களைந்தாள்.